மானியமும் அமானிதமும்

மனிதன் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபின், அவன் விட்டுச் சென்ற நிலம் பங்கிடப்படுகிறது. பொன் எடைபோட்டுப் பிரிக்கப்படுகிறது. வீடு வாரிசுகளின் பெயருக்கு மாறுகிறது. மார்க்கம் இவற்றுக்கெல்லாம் தெளிவான கணக்கு வகுத்துத் தந்துள்ளது. ஆனால் அவன் விட்டுச் சென்றது அலமாரி நிறையப் பழைய கையெழுத்துக் கிதாபுகளாக இருந்தால்? நூறாண்டு கண்ட ஒரு கட்டடமாக இருந்தால்? பங்கிட்டால் அது சிதையும். பூட்டி வைத்தால் செல்லரிக்கும். விற்றால் கடல் கடந்து போகும். அதனைக் காப்பது யார் பொறுப்பு?

“அரசாங்கம் பார்த்துக் கொள்ளட்டும், அதற்காகத்தானே மானியம் ஒதுக்குகிறார்கள்” என்று சொல்லிக் கை கழுவுவோர் ஒரு சாரார். “அரசாங்கப் பணமே ஆகாது; பணம் நுழைந்த வாசல் வழியே அதிகாரமும் நுழையும்” என்று அஞ்சி ஒதுங்குவோர் மற்றொரு சாரார். அன்பிற்குரிய வாசகர்களே! இவ்விரு கூற்றுகளில் எதனை நாம் ஏற்பது? இதற்கான விடையை வாதத்தில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது நலம். பீகார் மாநிலத்தின் பாட்னா நகரில், கங்கைக் கரையில் நிற்கும் ஒரு நூலகம் இதற்கு விடை சொல்கிறது. குதாபக்ஷ் கீழ்த்திசைப் பொது நூலகம் என்பது அதன் பெயர்.

தந்தையின் வஸிய்யத்

பாட்னாவில் முஹம்மது பக்ஷ் என்றொரு வழக்கறிஞர் வாழ்ந்தார். பெருஞ்செல்வரல்லர். ஆயினும் சம்பாதித்ததையெல்லாம் அரபி, பார்சி மொழிக் கையெழுத்துப் பிரதிகளை வாங்குவதிலேயே செலவிட்டார். 1876ஆம் ஆண்டு அவருக்கு மரணம் நெருங்கியபோது, அவரிடம் சுமார் 1,400 பிரதிகள் இருந்தன. மகன் குதாபக்ஷை அருகழைத்து அவர் செய்த வஸிய்யத் ஒன்றே ஒன்றுதான்: “இவற்றைப் பெருக்க வேண்டும், பொதுமக்கள் அனைவரும் வந்து படிக்கும் நூலகமாக ஆக்க வேண்டும்” என்பதே அது.

மகனிடம் அப்போது அதற்குரிய வசதி இருக்கவில்லை. 1842ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவரும் வழக்கறிஞரே. தலையில் விழுந்த இந்தச் சுமையை அவர் சுமை என்று எண்ணினாரில்லை. அமானிதம் என்று எண்ணினார். ஓர் அரபியரை மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் அமர்த்தி, கெய்ரோ, டமாஸ்கஸ், பெய்ரூத் முதலிய நகரங்களுக்கு அனுப்பிப் பதினெட்டு ஆண்டுகள் அரிய பிரதிகளைத் தேடச் செய்தார். பிரதி விற்க வருவோரிடம் சரக்கை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், போக வர ரயில் கட்டணம் தந்தனுப்பினார். இச்செய்தி பரவவே, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கிதாபுகள் பாட்னாவை நோக்கி வரலாயின.

ரூபாய் 80,000 செலவில் இரண்டு அடுக்குக் கட்டடம் எழும்பியது. 1891ஆம் ஆண்டு அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, ஏறத்தாழ 4,000 கையெழுத்துப் பிரதிகளையும் கட்டடத்தையும் மக்களுக்கென்று அர்ப்பணித்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள், அன்றைய வங்காளத் துணைநிலை ஆளுநர் சார்லஸ் எலியட் நூலகத்தைத் திறந்து வைத்தார். இப்பிரதிகள் பாட்னாவை விட்டு வெளியே கொண்டு போகப்படலாகாது என்பதில் குதாபக்ஷ் உறுதியாக இருந்தார்.

பிரிட்டிஷ் மியூசியத்தார் பெருந்தொகை தந்து இத்தொகுப்பை வாங்கிக் கொள்ள முன்வந்ததுண்டு. குதாபக்ஷ் ஏழ்மையை அறிந்தவர். பணத்தின் அருமையை உணர்ந்தவர். எனினும் தம் தந்தையும் தாமும் வாழ்நாளை ஈந்து சேர்த்ததை விலைக்குத் தர அவர் உள்ளம் இசையவில்லை. அது பாட்னா மக்களுக்கே உரியது என்று மறுத்துவிட்டார். வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் இவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இச்செய்திகளைப் பதிந்து வைத்திருக்கிறார்.

அக்கட்டுரையில் உள்ள இன்னொரு செய்தி நெஞ்சை உருக்குவது. ஓரிரவு குதாபக்ஷ் கனவு கண்டார். நூலகத்தையொட்டிய சந்தில் பெருங்கூட்டம். பெருமானார் (ஸல்) அவர்கள் நூலகத்துக்கு வருகை தந்திருப்பதாக மக்கள் கூறினர். விரைந்து ஓடினார், அவர்கள் அதற்குள் சென்றுவிட்டிருந்தார்கள். ஹதீஸ் பிரதிகள் இரண்டு மேசைமீது திறந்து கிடந்தன. விழித்தெழுந்தபின், அவ்விரண்டு பிரதிகளிலும், ‘நூலகத்தை விட்டு எந்நாளும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ என்று தம் கையாலேயே குறித்து வைத்தார். கனவுகளின் உண்மையை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஒரு மனிதர் தம்மிடம் உள்ள பொருளை எத்தகைய கண்ணால் பார்த்தார் என்பதை நாம் இதிலிருந்து அறியலாம்.

அரசு நீட்டிய கரம்

இத்தனையும் ஒரு தனி மனிதரின் கையிருப்பால் நடந்தவை. கையிருப்புக்கு ஓர் எல்லை உண்டன்றோ? இறுதி நாட்களில் குதாபக்ஷ் பக்கவாதத்தால் நலிவுற்றார். கடனும் சூழ்ந்தது. அப்போதுதான் அரசு கை நீட்டியது. கடனை அடைக்க 8,000 ரூபாயும், மாதந்தோறும் 200 ரூபாய் ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. நூலகத்தின் செயலாளராகவும் அவர் அமர்த்தப்பட்டார். 1903ஆம் ஆண்டு வைஸ்ராய் கர்ஸன் பிரபு நூலகத்தைப் பார்வையிட்டார். இந்நாட்டில் தொன்மைச் சின்னங்களைக் காக்க 1904ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது அவருடைய ஆட்சியில்தான். அவர் பெயரால் 1905ஆம் ஆண்டு ஒரு வாசிப்பு மண்டபம் எழுந்தது. பிரதிகளின் விளக்கப் பட்டியல் தயாரிக்கும் பணியும் தொடங்கிற்று. 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குதாபக்ஷ் இறையடி சேர்ந்தார். நூலக வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

நாடு விடுதலை பெற்றபின், 1969ஆம் ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இந்நூலகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. அன்று தொட்டு அதன் செலவை மத்திய அரசு ஏற்று வருகிறது; பீகார் ஆளுநரைத் தலைவராகக் கொண்ட வாரியம் நிர்வகித்து வருகிறது. 1,400இல் தொடங்கிய தொகுப்பு இன்று 21,000 பிரதிகளைக் கடந்து நிற்கிறது. தைமூர் பரம்பரையின் வரலாற்றைச் சித்திரங்களுடன் கூறும் ‘தாரீகே கான்தானே தைமூரிய்யா’ என்னும் பிரதி இங்குதான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, அறுவைக் கருவிகளின் படங்களுடன் எழுதிய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ நூலின் பழம்பிரதியும், ஹுமாயூன், ஜஹாங்கீர் ஆகிய மன்னர்கள் ஓரங்களில் தம் கைப்படக் குறிப்பெழுதிய ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பும் இங்கு உள்ளன.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். மானியம் முதலில் வரவில்லை. முதலில் வந்தது வஸிய்யத். அடுத்து வந்தது உழைப்பு. அதன்பின் வந்தது பத்திரம். இம்மூன்றும் அமைந்த இடத்திற்கே அரசின் கரம் வந்து சேர்ந்தது. உரிமை தெளிவில்லாத பொருளுக்கு எந்த அரசும் உதவ இயலாது.

பட்டியல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கும் குதாபக்ஷின் வாழ்விலேயே சான்று உண்டு. முன்னாள் நூலகர் ஒருவர் சில அரிய பிரதிகளைத் திருடி லாகூர்த் தரகர் ஒருவரிடம் விற்றுவிட்டார். விவரமறியாத அத்தரகர், ‘இவற்றை நல்ல விலைக்கு வாங்கக் கூடியவர் யார்?’ என்று யோசித்து, குதாபக்ஷுக்கே எழுதினார்! பொருள் வீடு திரும்பியது. தம் கிதாபுகளைத் தாமே அறிந்த ஒருவர் உயிருடன் இருந்ததால் இது நடந்தது. அவர் மறைந்தபின் அந்த அறிவு எங்கே இருக்கும்? பட்டியலில்தான் இருக்கும்.

பணம் என்ன செய்கிறது?

கையெழுத்துப் பிரதியைக் காப்பது, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதன்று. பழைய மையில் கலந்துள்ள இரும்புச் சத்து, நாளடைவில் எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்குகிறது. சித்திரங்களில் பூசிய பச்சை நிறத்துக்குச் செம்பிலிருந்து எடுத்த களிம்பு பயன்பட்டது. அதுவும் தாளைத் தின்கிறது. இராமபாணமும் புத்தகப் புழுவும் ஒருபுறம். கங்கைக் கரையின் ஈரக்காற்று மறுபுறம். இவற்றுக்கு மருந்துண்டு. தாளில் ஏறிய அமிலத்தை நீக்கலாம். கிழிந்த ஏட்டை மெல்லிய ஜப்பானியத் தாளாலும் கோதுமைப் பசையாலும் ஒட்டிச் சீர்படுத்தலாம். பின்னாளில் தேவையெனில் பழுதின்றிப் பிரித்தெடுக்கவும் இயலும். ஆனால் இது ஏடு ஏடாகச் செய்ய வேண்டிய வேலை. பயின்ற கைகள் வேண்டும். அக்கைகளுக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். எவ்வளவு பெரிய தனவந்தரும் தலைமுறை தலைமுறையாக இதனைத் தாங்க மாட்டார். அரசு மானியத்தின் தேவை இங்குதான் பிறக்கிறது.

மானியத்துக்கு நிபந்தனைகளும் உண்டு. எக்காரியத்துக்கு வழங்கப்பட்டதோ அக்காரியத்துக்கே செலவிட வேண்டும். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். கணக்கு தணிக்கைக்கு உட்பட வேண்டும். இவற்றைக் கண்டு அலுத்துக் கொள்வோர் உண்டு. ஆனால் மார்க்கம் கற்றவருக்கு இவை புதியவையா? வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மீறலாகாது என்பதும், முத்தவல்லி கணக்குக்குப் பொறுப்பாளர் என்பதும் நாம் மதரஸாவில் ஓதிய பாடங்கள் அல்லவா? அரசுப் பணம் என்பது யாரோ ஒருவருடைய பணமன்று. கூலித் தொழிலாளி வாங்கும் தீப்பெட்டியிலிருந்தும் அதற்கு வரி போகிறது. ஆகவே அதுவும் ஓர் அமானிதமே.

சாலை வந்தபோது

அரசு பொறுப்பேற்றுக் கொண்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு, 2021ஆம் ஆண்டு பாட்னாவில் நிகழ்ந்தது ஒரு பாடம். நகரின் நெரிசலைக் குறைக்க, அசோக் ராஜபாதையில் உயர்மட்டச் சாலை அமைக்க மாநில அரசு திட்டமிட்டது. அந்தத் திட்டத்தின் வழியில் கர்ஸன் வாசிப்பு மண்டபம் குறுக்கிட்டது. அதனை இடிக்க இசைவு கேட்டு நூலகத்துக்குக் கடிதம் வந்தது. ஓர் அரசு பேணுவதற்குப் பணம் தருகிறது. மற்றோர் அரசு இடிப்பதற்கு வரைபடம் தீட்டுகிறது!

இதில் யாரையும் தீயவர் என்று சொல்லிவிட முடியாது. சாலையும் மக்களுக்குத் தேவையே. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வழி வேண்டாமா? ஆனால் சாலைக்கு மாற்று வழி காணலாம். நூறாண்டு கடந்த மண்டபத்துக்கு மாற்று எங்கே காண்பது? நூலக நிர்வாகம் இசைவளிக்க மறுத்தது. எழுத்தாளர், மாணவர், ஓய்வு பெற்ற அதிகாரிகள், பாரம்பரியக் காப்பில் ஆர்வம் கொண்டோர் எனச் சமயம் கடந்து பலரும் குரலெழுப்பினர். மண்டபம் இடிபடாமல் தப்பியது. அன்று அதனைக் காத்தது மானியம் அன்று. “இது எங்களுடையது” என்று சொல்ல முன்வந்த மக்களின் உணர்வே.

ஷரீஅத் வகுத்த முறை

வக்ஃபுச் சொத்தின் வருவாயிலிருந்து முதன்முதலாகச் செய்ய வேண்டிய செலவு எது என்று ஹனஃபீ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். பயனாளிகளுக்குப் பங்கிடுவதா? இல்லை. சொத்தைப் பழுது பார்ப்பதே முதற் செலவு. வக்ஃபு செய்தவர் அதனை எழுதி வைத்திருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, பழுது பார்ப்பதே முந்தும். ஏனெனில் மூலம் அழிந்தால் அறமும் அழிந்துவிடும். இக்காலத்தார் பாரம்பரியக் காப்பு என்று போற்றுவதை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்டமாக்கி வைத்தார்கள்.

ஆனால் நம்மிடையே நடப்பது என்ன? பழைய பள்ளிவாசல் ஒழுகினால் பழுது பார்ப்பதற்குப் பதில் இடித்துவிட எண்ணுகிறோம். சுண்ணாம்புச் சுவரின்மீது சிமெண்டைப் பூசுகிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்துவிடும். விளைவாகச் சுவர் உப்புப் பூத்து உள்ளிருந்து உதிர்கிறது. தொழுகையாளிகள் பெருகியதால் இடம் போதவில்லை என்பது நியாயமான காரணமே. ஆயினும் பழையதைக் காத்தவாறே இடம் காண இயலாதா?

கேரளத்தின் கொடுங்கல்லூரில் உள்ள சேரமான் ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். கூட்டம் பெருகவே, 1974ஆம் ஆண்டு முதல் அங்கு புதுக் கட்டடங்கள் சேர்க்கப்பட்டு, பழைய தோற்றம் மறைந்து போயிருந்தது. பின்னர் மாநில அரசின் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் துணையுடன், பிற்காலச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய உருவை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டது; தொழுகைக்கான கூடுதல் இடம் நிலத்தடியில் வகுக்கப்பட்டது. ஜமாஅத்தின் மனமும் அரசின் உதவியும் ஒன்றுகூடினால் தொழுகைக்கும் இடம் கிடைக்கும். பழமையும் நிற்கும் என்பதற்கு அது சான்று.

நம் வீட்டு அலமாரி

வாசகப் பெருமக்களே! இது பாட்னாவின் கதை மட்டுமன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்னும் பல ஊர்களிலும், அரபி எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ்ப் பிரதிகள் நம் முன்னோரால் பேணப்பட்டு வந்தன. அந்த எழுத்தைப் பிழையின்றிப் படிக்க வல்லோர் குறைந்து வருகிறார்கள். படிக்கத் தெரியாத பிரதி வீட்டில் சுமையாகிறது. ஒருநாள் வீட்டை வெள்ளையடிக்கும்போது, கண்ணியக் குறைவு நேர்ந்துவிடக் கூடாதே என்ற நல்ல நிய்யத்துடனேயே அதனைத் துணியில் சுற்றிப் புதைத்துவிடுகிறோம், அல்லது கடலில் சேர்த்துவிடுகிறோம்.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். ஓதவே முடியாதபடி சிதைந்துபோன திருமறை ஏடுகளைக் கண்ணியமாக அடக்கம் செய்வது மார்க்கம் அனுமதித்த முறை. அது சிதைந்த ஏட்டுக்குரியது. எழுத்துத் தெளிவாக நிற்கும் பழம்பிரதி சிதைந்த ஏடு அன்று. அதனை மண்ணிலிடுவது, உயிருள்ள கல்வியைக் கஃபனிடுவதற்கு ஒப்பாகும். ஆகவே எந்தப் பிரதியையும் அடக்கம் செய்யும் முன் விவரமறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள்.

அரசியல் சாசனத்தின் 29ஆவது பிரிவு, தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ கொண்ட மக்கள் எவரும் அதனைக் காத்துக் கொள்ளும் உரிமையை வழங்குகிறது. 1976ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, நாட்டின் கூட்டுப் பண்பாட்டுச் செல்வத்தைப் பேணுவதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. உரிமையும் நம்முடையது, கடமையும் நம்முடையது. 2003ஆம் ஆண்டு தேசியக் கையெழுத்துச் சுவடிகள் இயக்கம் தொடங்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கும் ‘ஞான பாரதம்’ இயக்கம் அறிவிக்கப்பட்டது, இதற்கென 3.5 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீடு 60 கோடியாக உயர்த்தப்பட்டது. 1869ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும், தமிழ், வடமொழிச் சுவடிகளோடு அரபி, பார்சி, உருதுப் பிரதிகளும் காக்கப்பட்டு வருகின்றன. கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் நம் அலமாரிக்குள் இருப்பதை நாமே அறியாதபோது, எந்தக் கணக்கெடுப்பில் அது இடம் பெறும்?

ஆகவே இன்றே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். வீட்டிலும் பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் உள்ள பழம்பிரதிகளின் பெயர், எழுதியவர், ஹிஜ்ரி ஆண்டு, ஏடுகளின் எண்ணிக்கை, யாரிடமிருந்து வந்தது என்பவற்றைக் குறித்து வையுங்கள். கிழிந்த ஏட்டில் ஒட்டுநாடாவை ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டாதீர்கள். பின்னர் பிரிக்க இயலாது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தூய பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பள்ளிவாசலைப் பழுது பார்ப்பதாயின், கடப்பாறையை எடுக்கும் முன் பழங்கட்டட வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் தொல்லியல் அறிந்த ஒருவரையும் அழைத்துக் கேளுங்கள். பிறகு மானியத்துக்கு மனுச் செய்யுங்கள். அப்போது நாம் நீட்டும் கை இரவலர் கையாக இராது. பொறுப்பேற்கும் அமானிததாரரின் கையாக இருக்கும்.

மனிதன் மரித்தபின்னும் அவனுடைய மூன்று நன்மைகள் அறுபடுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்றார்கள்: நிலைத்து நிற்கும் தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. முஹம்மது பக்ஷ் விட்டுச் சென்ற 1,400 கிதாபுகளில் கல்வி இருந்தது. அதனை மக்களுக்கெனத் திறந்துவிட்டதில் தர்மம் இருந்தது. தந்தையின் சொல்லைக் காப்பாற்றிய மகன் நல்ல பிள்ளையாக இருந்தார். அரசின் கோடிகள் அந்த மூன்றையும் வளர்க்கலாம், தோற்றுவிக்க இயலாது. தோற்றுவிக்கும் பொறுப்பு நம்மிடமே உள்ளது.

நம் கையில் உள்ள அமானிதங்களை அறிந்து, பேணி, அடுத்த தலைமுறையிடம் பழுதின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.